உங்கள் [          ] தயார்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே என் கைப்பேசிக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வழக்கமாகக் கண்ணாடி வாங்கும் கடையின் பெயரில்:

"அன்புள்ள அப்பா, உங்கள் கண்ணாடி தயார். வந்து வாங்கிக்கொள்ளவும்."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, குழந்தை இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக நான் ஒரு பெண். கண்ணாடிக்குக் கொடுக்கவும் இல்லை. இருந்தாலும் அன்று முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டே திரிந்தேன். இதை அனுப்பியது யார், அந்த அப்பா யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"விதிகளுக்கு நடுவே வாழும் நவீன மனிதன் ஒரு—" எனக்கே கொட்டாவி வருகிறது.

"அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று—" அதற்குள்ளாகவா?

"கமாவுக்கு அன்று காலை பத்து ஐம்பத்தெட்டு வரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது." சரி, இது இருக்கட்டும்.

கமா என்பது பட்டப்பெயர்.* கடைகளுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பித் தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஐந்து மேசை, ஆறு நாற்காலி. ஆறாவதில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். அலைபேசி நிறுவனத்தின் விதி என்னவென்றால், கடை என்ன அனுப்பினாலும் அந்த வாசகத்தை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்கவேண்டும். பெயருக்கும் பொருளுக்கும் மட்டும் அடைப்புக்குறிக்குள் காலியிடம் விடலாம். மற்றபடி பதிந்ததற்கு மேல் ஒரு கமா கூடினாலும் செய்தி போகாது. இதைச் சொல்லிச் சொல்லியே எல்லாரையும் பாடாய்ப் படுத்தியதால் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு விதியும் உண்டு. ஒப்புதல் கேட்கும்போது காலியிடத்தில் என்ன வரும் என்று மாதிரி காட்டவேண்டும். மற்றவர்கள் வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போவார்கள். கண்ணாடிக் கடை வாசகத்துக்குக் கமா "அப்பா" என்றும் "கண்ணாடி" என்றும் தட்டினாள். அவளைக் கேட்டால் சும்மாதான் என்பாள். சும்மா இல்லை.

(* உண்மைப் பெயர் ஒன்று வைத்திருந்தேன். அதைக் கூப்பிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)

3

இந்த அப்பாவை முதலில் கொடுமைக்காரராக எழுதினேன். நாலு வரிக்கு மேல் அவர் ஒத்துழைக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக், பிடிவாதக்காரர், அவ்வளவுதான். நாலு மாதம் முன்பு, எதிர்வீட்டு கேட் திறந்திருக்கிறது என்று நினைத்து ஸ்கூட்டரோடு உள்ளே போனார். கேட் மூடியிருந்தது.

"கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோங்கப்பா" என்றாள் கமா.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கேட்டுக்குத்தான் பெயிண்ட் சரியில்ல."

ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் தருவேன் என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. கமா கூப்பிடும்போது அம்மா போனை அவரிடம் நீட்டினால், "வேலையா இருக்கேன்னு சொல்லு" என்று மகள் காதில் விழும்படியே சொல்வார். கமாவுக்கு அது ஊசி குத்தின மாதிரி இருக்கும். வேறு எதைவிடவும் அந்தக் குரல் தன்னிடம் நேரே பேசவேண்டும் என்று ஏங்கினாள்.

4

பத்து ஐம்பத்தெட்டு. அன்றைக்குக் கண்ணாடி தயாரான பதினொரு பேரின் பட்டியலைத் தொடவேண்டியவள், கடையின் மொத்த வாடிக்கையாளர் பட்டியலைத் தொட்டுவிட்டாள். பெயர்கள் சேரவில்லை. காலியிடங்களில் கமா மாதிரிக்குத் தட்டிய 'அப்பா'வும் 'கண்ணாடி'யுமே உட்கார்ந்துகொண்டன. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பேர் ஒரே நொடியில் அப்பா ஆனார்கள். (நானும்.)

கண்ணாடிக் கடைக்கார அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "இங்க ஒரு காலேஜ் பொண்ணு வந்து, நான் எப்ப அப்பா ஆனேன்னு கேக்குது. சாரின்னு ஒரு மெசேஜ் அனுப்பிடு."

"முடியாதுக்கா. சாரிக்கு நாம வாசகம் பதியல. ஒப்புதல் வர ரெண்டு நாள் ஆகும்."

"மன்னிப்பு கேக்கக்கூட பர்மிஷனா?"

"ஆமாக்கா."

அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. ஒரே நாளில் ஐம்பது பேர் 'நிறுத்து' என்று பதில் போட்டால் கடையின் பெயரையே நிறுவனம் முடக்கிவிடும். அப்புறம் அக்கா யாருக்கும் எதுவும் தயார் என்று சொல்லமுடியாது. கமாவின் வேலையும் அன்றோடு சரி. விதியில் ஒரே ஒரு சந்து இருந்தது: யாராவது தாங்களாக எழுதினால், அவர்களுக்கு மட்டும் பதில் எழுதலாம். கமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் எழுத ஆரம்பித்தாள்.

என்ன ஆச்சரியம், ஜனங்கள் குஷியாகிவிட்டார்கள். ஒருவர், "கண்ணாடி கிடக்கட்டும், நீ சாப்பிட்டியாம்மா?" என்றார். இன்னொருவர் மருத்துவமனை வராந்தாவிலிருந்து எழுதினார்: "பொண்ணு பிறந்து பத்து நிமிஷம்தான் ஆச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" கமா அதைச் சத்தமாகப் படித்தாள். அலுவலகமே கை தட்டியது. ஆறாவது நாற்காலியில் இருந்தவர் சாய்ந்தே விழுந்தார்.

ஆனால் 'நிறுத்து'களும் ஒன்றொன்றாக வந்துகொண்டிருந்தன. மாலை நாலு மணிக்கு நாற்பத்தொன்பது. அப்போது திரையில் ஒரு எண் வந்தது. அவளுக்கு மனப்பாடமான எண். அப்பாவும் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர்தானே, அவருக்கும் போயிருக்கிறது. திறக்கக் கை வரவில்லை.

5

இங்கே எனக்கு வழி மூன்று. அவர் 'நிறுத்து' என்று எழுதியிருந்தார், அதுவே ஐம்பதாவது. எழுதி முடித்துப் படித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, கிழித்துவிட்டேன். இரண்டாவது, அந்த எண் இப்போது வேறு யாரோ ஒருவருடை— சீ, இது கோழைத்தனம்.

மூன்றாவது இது. அவர் எழுதியிருந்தார்: "நான் கண்ணாடிக்குக் குடுக்கவே இல்லையே. என் பொண்ணு குடுத்தாளா?"

படித்து முடிப்பதற்குள் அக்காவின் போன். "உன் அப்பா இங்கதான் உக்காந்திருக்கார். அவர் கண்ணாடி எங்கேன்னு கேக்குறார்."

"டெஸ்ட் பண்ணிடுங்கக்கா."

"பண்ணிட்டேன். முதல் வரியே தெரியல. அதுல இருக்கிறதே ஒரே ஒரு எழுத்து, என் உள்ளங்கை அகலத்துக்கு." அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "லென்ஸ் கையில இருக்கு, ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துடுவேன். இரு, ஏதோ சொல்றார்."

பின்னால் அந்தக் குரல். நாலு மாதம் கழித்து, நேராக அவளுக்கு: "கண்ணாடி தயார்னு சொன்னா போதுமா? மிச்சம் எப்பம்மா தயார்?"

கமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரித்துக்கொண்டே அழுதாள்.

6

இப்போது மணி ஐந்தேகால். நிறுத்து இன்னும் நாற்பத்தொன்பதுதான். அவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கடை வாசலில், கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தெருவுக்கு எதிரே ஒரு கேட் தெரிகிறது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதும் தெரிகிறது.

அவராக எழுதியதால் பதில் எழுத விதி இடம் தருகிறது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கமா கமாதானே, பதிந்த வாசகத்தையே எடுத்து வைத்துக்கொண்டாள். கைப்பை மடியில், சாவி அதற்குள். 'சாவி' என்று போட்டால் நாளைக் காலை ஸ்கூட்டர் கிளம்பிவிடும். 'மகள்' என்று போட்டால் நடுத்தெருவில் அழுதுவிடுவார். அவள் விரல் அந்தரத்தில் நிற்கிறது.

உங்கள் சம்மதம் வாங்காமல் உங்களுக்கு ஒரு முடிவை நான் அனுப்பக்கூடாது. அதனால் நிரப்பவேண்டியது நீங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு கமா கூடினாலும் அவருக்குப் போய்ச் சேராது.

"அன்புள்ள அப்பா, உங்கள் [          ] தயார். வந்து வாங்கிக்கொள்ளவும்."