ஒற்றைக் கால் வீக்கம்

எனக்கு ஒரு கெட்ட குணம். எதற்கும் 'ஏன்' என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் தேவகுமாருக்கு இடது கால் மட்டும் வீங்கியபோதும் அப்படித்தான் கேட்டேன்.

அது எண்பத்திரண்டாம் வருஷம். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்று வேலூரில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். முதுகு வலி கம்மியாகி, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தத் திரும்பவும் போக ஆரம்பித்தார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இந்த வீக்கம்.

பக்கத்து வீட்டு ராணியம்மாள் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"யானைக்கால்தான். எண்ணெய காய்ச்சி நல்லா உருவி வுடு."

எங்கள் பக்கம் கால் வீங்கினால் யானைக்கால்தான், வேறு பேச்சே கிடையாது. ஆனால் நேற்று இல்லாத யானைக்கால் இன்று எப்படி வரும்? கெண்டைக்காலைத் தொட்டாலே ஏன் துடிக்கிறார்? காய்ச்சிய எண்ணெயை அப்படியே வைத்துவிட்டு அவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

"தேய்ச்சீங்களா?" என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். "ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. தேய்ச்சிருந்தா கட்டி பிச்சிக்கினு நுரையீரலுக்குப் போயிருக்கும். உயிருக்கே ஆபத்து."

"ஏன் உறையுது?"

"இந்த நோய்ல ரத்தம் உறையும். அதுக்குக் குடுக்கிற மாத்திரையும் அத ஜாஸ்தி பண்ணும்."

"தீர்க்கிற மருந்தே இப்படிப் பண்ணுமா? அப்போ நிறுத்திடலாமா?"

"நிறுத்தினா நோய் திரும்பிடும். உறையாம இருக்க ஊசி போடுறோம். வீட்ல நீங்க தண்ணி நிறைய குடுங்க. உடம்பு வறண்டா ரத்தம் இன்னும் கெட்டியாகும்."

அங்கேதான் சிக்கல். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்கூடத் தொடமாட்டோம். சின்ன வயதில் எடுத்த விரதம். பகலில் குடிக்கலாம் என்றால், மாத்திரையின் குமட்டலில் அவருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. சாயங்காலம்தான் குமட்டல் அடங்கும்.

ஊருக்குத் திரும்பிய முதல் சாயங்காலமே சண்டை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது.

"மலைக்கு அந்தாண்ட, அடி அண்ணாமலையில இன்னும் வெயில் இருக்குமே. பூகோள வாத்தியாருக்குத் தெரியாதா? குடிங்க," என்றேன்.

"சாமிய ஏமாத்தலாம், சூரியன ஏமாத்த முடியாது," என்று சிரித்தார். நன்றாக இருட்டும்வரை சிரித்துக்கொண்டேதான் மறுத்தார். உதடு வெடித்திருந்தது. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் பிடிவாதத்தாலேயே செத்துவிடுவார் என்று தோன்றியது.

டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

"கனகா, இன்னா பண்ற?"

"நீங்க குடிக்கிற வரைக்கும் தினம் நான் குடிக்கப் போறேன்."

"உனக்கு இன்னா வியாதி? உன் விரதம் ஏன் போவணும்?"

டம்ளர் உதட்டில் பட்டது. அவர் வீங்கிய காலை ஊன்றி எழுந்து வந்து, அதைப் பிடுங்கி, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார்.

பிறகு என் முகவாயைப் பிடித்து வாயையே பார்த்தபடி கேட்டார்:

"உனக்கு உள்ள ஒண்ணும் போவலையே?"