லாசரஸ் வாத்தியார் வீட்டுத் தூண்டில்

வீடு, நகை எல்லாம் சுமுகமாகத்தான் பிரிந்தன. ஈவ்லினுக்கும் தம்பி ஜெஃப்ரிக்கும் முட்டிக்கொண்டது ஒரு மூங்கில் தூண்டிலில்.

சுதந்திரத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார மிஷனரி தாத்தாவுக்குக் கொடுத்தது என்று அப்பா லாசரஸ் வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்த தூண்டில். மரப்பெட்டிக்குள் கழற்றி மாட்டும் துண்டுகளாகப் படுத்திருக்கும். சேலையூர் வீட்டில் கடைசிவரை அப்பாவோடு இருந்தவள் ஈவ்லின். அவர் இறந்ததும் பெட்டியைத் தன் பீரோமேல் ஏற்றிவிட்டாள். இதுபோல ஒன்று லண்டனில் லட்சக்கணக்கில் ஏலம் போனதை இணையத்தில் பார்த்துவிட்டு ஜெஃப்ரி பங்கு கேட்டான். அப்பா ஞாபகம் என்று சொல்லி அவள் தரவில்லை. பேச்சு நின்றுபோயிற்று. தாம்பரத்தில் ரயிலேறினால் அவன் இருக்கும் பொத்தேரி எவ்வளவு தூரம்? இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவனோ மனைவி ஜாஸ்மினோ மகள் ஜெனியோ எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஈவ்லின்தான் போன் பண்ணினாள். பெருங்களத்தூரில் சத்யநாராயணன் என்று ஒருவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஊட்டிக்கு மீன் பிடிக்கப் போவார், பழைய தூண்டில்கள் சேர்ப்பார். அவர் பார்த்து விலை சொல்லட்டும், விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம் என்றாள். ஜெஃப்ரி "சரி" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் பெட்டியோடு பெருங்களத்தூரில் இறங்கினாள். அவனும் வந்திருந்தான். முடி பாதி நரைத்திருந்தது.

சத்யநாராயணன் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி ஒட்டியிருக்கிறது, அது நல்ல லட்சணம் என்றார். பிறகு அவர் கைப்பிடியைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அப்படியும் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இங்கதான் மேடம் விஷயம். ஒரே கைப்பிடியை ரெண்டு விதமா யூஸ் பண்ணலாம். கையால செய்யற நல்ல கம்பெனிங்க பெரும்பாலும் இப்படிப் பண்ண மாட்டாங்க. அடிப்பக்கத்துல பேர் எழுதுவாங்க, துணிப்பையில போட்டுக் குடுப்பாங்க. இதுல பேர் இல்ல. மரப்பெட்டி, பளபளன்னு கலர் நூல் கட்டு. இது ஜப்பான் சரக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஏராளமா செஞ்சு வித்தாங்க."

"அப்ப மிஷனரி குடுத்தார்னு அப்பா சொன்னது?" என்றான் ஜெஃப்ரி.

"யார் குடுத்தாங்கன்னு தூண்டில் சொல்லாது சார். சுதந்திரத்துக்கு முன்னாடி இருக்க வாய்ப்பில்ல, அவ்வளவுதான்."

"விலை?"

"யாராவது ஆசைப்பட்டா மூவாயிரம் நாலாயிரம் போகும். நான் வாங்க மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. என்கிட்டயே இது மாதிரி ரெண்டு இருக்கு."

இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். படிக்கட்டருகே ஈவ்லின் பெட்டியை அவன் பக்கம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கடா. எனக்கு வேணாம்."

"ஏன்க்கா, விலை இல்லைன்னதும் தர்றியா?"

ஈவ்லினுக்குச் சுருக்கென்றது.

"ஆமா," என்றாள். "நல்ல விலை போகும்னுதான் வச்சிருந்தேன். அப்பா ஞாபகம்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் சும்மா."

ஜெஃப்ரி காலணியைப் பார்த்தபடி நின்றான். "நானும் காசுக்குத்தான் கேட்டேன். ஜெனி காலேஜ் ஃபீஸ் கட்ட முடியல அப்ப. உன்கிட்ட அதைச் சொல்லிக் கடனா கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும்க்கா."

பெட்டியை அவன் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். செங்கல்பட்டு வண்டி வருவதாக அறிவிப்பு கேட்டது. அது அவன் போகும் வண்டி; அவள் எதிர்ப்பக்கம் போய்த் தாம்பரத்துக்கு ஏற வேண்டும்.

"ஜாஸ்மின் இன்னிக்கு என்ன சமைச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"மட்டன். நீ வர்றேன்னு சொன்னா ரசமும் வைப்பா."

"சொல்லு," என்று அவனோடு பிளாட்பாரத்துக்கு நடந்தாள் ஈவ்லின்.