ஐந்தாவது படத்தில் இல்லாத கோடு

மனித குலம் நெடுங்காலமாக எதிர்நோக்கியிருந்த ஒரு கேள்விக்கு, வரும் வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் விடை காணப்படும் என்றும், அதுசமயம் ஆய்வு நிலையத்தார் சகலரும் தவறாமல் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும் என்றும் இயக்குநர் சுற்றறிக்கை விட்டிருந்தார். கேள்வி இதுதான்: கட்டுரையில் எந்த ஐந்து படங்களைப் போடுவது?

கட்டுரை, நிலையம் சொந்தமாகச் செய்த வரைபட மென்பொருளைப் பற்றியது. கடலின் ஆழம், காற்றின் வேகம், மலையின் உயரம் என்று எதை எண்களாகக் கொடுத்தாலும் அது வரைபடமாக்கித் தரும். ஆறு வருடமாக அந்த மென்பொருளை எழுதியவள் ஒருத்தி. அதைப் பற்றிய கட்டுரையை எழுதியவர்களோ ஒன்பது பேர். இயக்குநர் பெயர் முதலாவது. அவள் பெயர் எட்டாவது. ஒன்பதாமவர், கூட்ட அறைச் சாவியை வைத்திருப்பவர்.

அவளை எல்லோரும் ‘தீவக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். உருண்டை உலகத்தைத் தாளில் விரிக்க எங்காவது ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். வழக்கமாகக் கடல் நடுவே வெட்டுவார்கள். அங்கே ஆட்சேபிக்க ஆளில்லை என்ற தைரியம். ஆனால் அந்த வெட்டுக்கோட்டின் மேலேயே ஒரு தீவு சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. மென்பொருள் முதலில் அதை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை இந்தக் கோடியிலும் மறுபாதியை அந்தக் கோடியிலும் போட்டது. பிறகு மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ, இரண்டையும் சேர்த்து உலகத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோட்டையும் இழுத்துவிட்டது. அந்தக் கோட்டை ஒழிக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போது தீவு முழுசாக வருகிறது. அந்தப் படம் கட்டுரையில் வந்தாக வேண்டும். வராவிட்டால், அந்த இரண்டு வருடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்குக் கூட்டம் கூடியது. களத்தில், அந்த மென்பொருள் வரைந்தவை என்று பத்தொன்பது படங்கள். முதல் இடத்துக்குப் போட்டியே இல்லை. அது இயக்குநரின் ஆழ்கடல் வரைபடம். எட்டு வருடமாக நுழைவாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வரும் பிரமுகர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று, தாங்களே முங்கி அளந்துவிட்டு வந்ததுபோல் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் இடத்தை எரிமலை அம்மாள் பிடித்தார். எரிமலை அவருடைய துறை, குணமும் அதுவே. “என் படம் இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ்வளவுதான்” என்றார். அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்?

கடல் ஏறி இறங்குவதை ஆராயும் பெரியவர் மூன்றும் நான்கும் தனக்கு என்றார்.

“எதுக்குங்க ரெண்டு?” என்று கேட்டார் எரிமலை அம்மாள்.

“ஏறறதுக்கு ஒண்ணு, இறங்கறதுக்கு ஒண்ணு. ஒண்ணை மட்டும் போட்டா தண்ணி எங்க போச்சுன்னு கேப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏறாம இறங்காம நடுவுல நிக்குமே, அதுக்கும் ஒண்ணு வேணும்” என்று ஐந்தாவதையும் சேர்த்துக்கொண்டார்.

தீவக்கா எழுந்து தன் படத்தைத் திரையில் காட்டினாள். வெளிர் நீலத் திரை முழுக்க ஒன்றுமில்லை. நடுவே, மேசை விரிப்பில் சிந்திய ரொட்டித் துணுக்கு மாதிரி ஒரு தீவு.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். “இதுல என்னம்மா இருக்கு?”

“தீவு, சார்.”

“அது தெரியுது. வேற?”

“கோடு இல்ல, சார்.”

“எந்தக் கோடு?”

“அதுதான் சார், இல்ல.”

அறையில் சற்று நேரம் அந்தக் கோட்டைத் தேடினார்கள்.

“இல்லாததை எப்படிம்மா படமா போடறது?” என்றார் இயக்குநர், மிகுந்த கருணையோடு. “நல்லா உழைச்சிருக்க. உழைப்பு வேற, படம் வேற. நீ ஒண்ணு பண்ணு, இந்த அஞ்சையும் சேர்த்துக் கட்டுரையை அனுப்பற வேலையைப் பார்த்துக்கோ.”

அன்று மாலை வீட்டில் தீவக்கா மடிக்கணினியைத் திறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஸ்க்ரீன்ல அழுக்கு?” என்று சட்டைக் கையால் தீவைத் துடைத்துவிட்டுப் போனாள்.

கணவன் பேருந்து ஓட்டுபவன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “நான் பதினாலு வருஷமா யாரையும் இடிக்கல. எவனாவது என்னைப் போட்டோ எடுத்துப் போட்டானா?” என்றான்.

“எதை எதோட முடிச்சுப் போடறீங்க?”

“ரெண்டும் ஒண்ணுதான்டி. இடிச்ச வண்டியைப் பக்கத்துல நிறுத்திக் காட்டு. அப்பதான் இடிக்காத வண்டி எதுன்னு தெரியும்.”

அவன் சொன்னது சரிதான். ஆனால் சரியென்று அவனிடம் ஒப்புக்கொண்டால் ஒரு மாதத்துக்கு அவன் பெருமை தாங்காது என்பதால், வாய் திறக்காமல், மென்பொருளின் பழைய பதிப்பில் தீவு பிளந்து கோடு ஓடிய படத்தைத் தேடியெடுத்துப் புதியதற்குப் பக்கத்தில் ஒட்டினாள். இரண்டும் சேர்ந்து ஒரே படம். போட இடம்தான் இல்லை.

மறுநாள் ஆய்விதழின் விதிகளைப் படித்தாள். அந்த ஒன்பது பேரில் அவற்றைப் படித்தது அவள் ஒருத்திதான். ஒவ்வொரு படத்தோடும் அதை வரைய மென்பொருளுக்குக் கொடுத்த கட்டளைகளை அனுப்ப வேண்டும். மதிப்பீட்டாளர் அவற்றை ஓட்டினால் அதே படம் வர வேண்டும் என்று ஒன்பதாம் விதி சொன்னது. எரிமலை அம்மாள் ஐந்து நிமிடத்தில் அனுப்பினார். கடல் பெரியவர் மூன்று படத்துக்கும் அனுப்பினார். மூன்றும் ஒரே கட்டளை, நேரம் மட்டும் வேறு. இயக்குநர், “என்னோடது பழைய கோப்புல இருக்கும், எடுத்துக்கோ” என்றார்.

எடுத்தாள். கோப்பில் தேதி இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தையது. மென்பொருளுக்கு வயது ஆறு. எட்டிலிருந்து ஆறைக் கழித்துப் பார்க்க இத்தனை நாளும் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். படத்தைப் பெரிதாக்கினாள். கீழ் மூலையில் வேறொரு நிறுவனத்து மென்பொருளின் முத்திரை. அதன்மேல் யாரோ நீல வண்ணம் பூசிக் கடலாக்கியிருந்தார்கள்.

இயக்குநர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

அவர் எழுந்துபோய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “நம்மளோடதுல திரும்ப வரைஞ்சிட முடியாதா?”

“வரையலாம், சார். ஆனா அந்த நீலம் வராது. அது அவங்க நீலம்.”

“கிட்டத்தட்ட?”

“கிட்டத்தட்ட வரும். வாசல்ல தொங்கறதைப் பார்த்தவங்க, ஏன் மாறிச்சுன்னு கேப்பாங்க.”

இயக்குநர் கதவை இன்னொரு தடவை பார்த்தார். “வேற யாருக்காவது தெரியுமா?”

“மதிப்பீட்டாளருக்குத் தெரிய வரும், சார். அனுப்பினா.”

“அந்தத் தீவு… ஏதோ காமிச்சியே.”

“ரெண்டு பக்கமா போட்டிருக்கேன், சார். கோடு இருக்கறது ஒண்ணு, இல்லாதது ஒண்ணு.”

“இப்பதாம்மா புரியுது” என்றார். உண்மையிலேயே புரிந்திருக்கவும் கூடும்.

அன்று மாலையே இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. இளையவர்களுக்கு வழிவிடுவதே தலைமையின் இலக்கணம் என்பதால், இயக்குநர் தம் புகழ்பெற்ற வரைபடத்தைத் தாமாகவே விலக்கிக்கொண்டு அந்த இடத்தை ஓர் இளம் ஊழியருக்கு அளிக்கிறார் என்று அதில் இருந்தது. இளம் ஊழியருக்கு நாற்பத்து நான்கு வயது. கடல் பெரியவர் நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். தீவக்காவும் தட்டினாள், அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. படங்கள் ஓரிடம் முன்னே நகர்ந்தன. தீவு ஐந்தாவதாகப் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குக் கணவன் ஓட்டும் பேருந்திலேயே, அவன் இருக்கைக்குப் பின்னால் நின்று, விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் அன்றும் யாரையும் இடிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. ஐந்தாவது படத்தை இதுவரை பெரிதாக்கிப் பார்த்தவர்கள் பதினேழு பேர் என்று இதழின் இணையப் பக்கம் சொல்கிறது. அதில் பன்னிரண்டு பேர் அவள்தான்.