எழுப்ப வேண்டியவள்

எங்கள் ஊர் நாடகத்தில் செத்துக் கிடப்பவனைத் தாய் வேஷம் போட்டவள்தான் எழுப்ப வேண்டும். ஒப்பாரி முடிந்ததும், வேஷப் பெயரை விட்டுவிட்டு அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, மூன்று தரம் எந்திரி என்று கூப்பிடுவாள். கூப்பிடாமல் எழுந்தால் பொய்ச்சாவு உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. திரை விழுந்தாலும் அதுவரை அவன் அசைய மாட்டான்.

அய்யம்மாள் அந்த வேஷத்தைக் கேட்டபோது வாத்தியார் சுந்தரலிங்கம் தயங்கினார். கல்யாணத்துக்கு முன் பதினோரு வருஷம் மேடையில் நின்றவள்தான். ஆனால் மகன் விஜய்பாண்டி போனதிலிருந்து தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறாள். ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்க்கிறாள். புத்தி பிசகினவளை எப்படி ஏற்றுவது என்று கமிட்டியில் கேட்டார்களாம்.

"பைத்தியக்கார ராணி வேஷத்துக்கு என்னைய விட்டா யாரு இருக்காக?" என்றாளாம் அவள். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் கம்பமெட்டு வளைவில் உருண்டபோது, விஜய்பாண்டியோடு இரண்டு பெண்களும் செத்தார்கள். ஓட்டியவன் விஜய்பாண்டி, குடித்திருந்தான் என்று ஜீப் சொந்தக்காரர் கருத்தக்கண்ணன் போலீசில் எழுதிக்கொடுத்தார். இல்லை என்றவள் அய்யம்மாள் ஒருத்திதான். அன்று காலையில் ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்தது கருத்தக்கண்ணன் மகன் மதன்குமார். தன் மகன் பின்னால் தொங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள். பெற்றவள் பேச்சு யார் காதில் ஏறும்? அவள் மகன் பாடைக்குத் தோள் கொடுக்க ஆளில்லை. இரண்டு வருஷமாக அவள் வாசலை யாரும் மிதிக்கவில்லை.

இந்த வருஷத் திருவிழாவில் நாடகம் கருத்தக்கண்ணன் உபயம். அதனால் ராஜகுமாரன் வேஷம் மதன்குமாருக்கு. பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் சாயங்காலமே தொடங்கிவிட்டார்கள்.

மந்திரி குத்தினான், ராஜகுமாரன் விழுந்தான். அய்யம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அழுத அழுகையில் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். ஒப்பாரி முடிந்தது. வாத்தியார் சூடம் ஏற்றினார். எழுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அவள் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேலே தொங்கிய மைக்கைக் கீழே இழுத்து அவன் வாயருகே பிடித்தாள்.

"ஏலே மதனு, அன்னைக்கு ஜீப்ப ஓட்டுனது யாரு?"

புது வசனம் என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள். தட்டி ஓயும்வரை பொறுத்திருந்து அதையே திரும்பக் கேட்டாள். இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. சூடம் அணைந்தது.

கருத்தக்கண்ணன் மேடையோரம் ஓடிவந்தார். மகனை எழச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவரும் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவர்தான்.

"தங்கச்சி, ஒத்தப் பிள்ளைம்மா. பேரச் சொல்லி எழுப்பிவிடு."

"எனக்கு மட்டும் ரெட்டையா இருந்துச்சாண்ணே?"

மதன்குமாரின் மூடிய கண்ணிலிருந்து பவுடரைக் கரைத்துக்கொண்டு நீர் இறங்கியது. உதடு மட்டும் அசைந்தது.

"நாந்தான் அயித்த ஓட்டுனேன். ராத்திரிக் குடி எறங்காம ஓட்டுனேன். விஜயி பின்னாடிதான் நின்னான். எழுப்பி விடுங்க அயித்த."

மைக் அதை ஊர் முழுக்கச் சொன்னது. அந்த ஜீப்பில் மகள் ஜான்சியைப் பறிகொடுத்த பொன்னாத்தாள் கூட்டத்தில் எழுந்து நின்று மாரில் அடித்துக்கொண்டாள். ஒம் பிள்ளைக்கு ஒரு தோள் குடுக்கலையே என்று அரற்றினாள். அய்யம்மாள் அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.

வாத்தியார் புதுச் சூடம் ஏற்றினார். அய்யம்மாள் குனிந்து, மதன்குமாரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"விஜய்பாண்டி, எந்திரிய்யா."

வாத்தியார் அடிக்குரலில், "அவன் பேரு மதன்குமாரும்மா" என்றார்.

"விஜய்பாண்டி, எந்திரி."

கருத்தக்கண்ணன் மேடையேறி அவள் காலைப் பிடித்துக்கொண்டார். அவள் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. மூன்றாம் தரமும் அதே பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தூங்குகிற பிள்ளை விழிக்கக் காத்திருப்பவளைப் போல அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு மைக்கை நிறுத்தினார்கள். மதன்குமாருக்கு மூச்சு இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. அவன் எழவில்லை.