சகலையும் நானும் ஒரு கிளட்சும்

என் மாமனார் முப்பது வருடம் பஸ் ஓட்டுநர்களுக்குப் பரீட்சை வைத்தவர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. வயதாகித் தம் பழைய காரைக் கைமாற்ற நினைத்தபோதும் பரீட்சைதான் வைத்தார். எழுதுவதற்கு இரண்டு மருமகன்கள்: நானும் சகலையும்.

பணிமனைக்குப் பின்னால் மேடேறும் சிமெண்ட் பாதை. நின்ற நிலையிலிருந்து ஐம்பது மீட்டர். யார் வேகமோ அவருக்குக் கார். மாமனார் பக்கத்து இருக்கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்காருவார். அவர் "விடுங்க" என்ற பிறகே வண்டி நகரலாம். முந்தினால் தோல்வி, என்ஜின் அணைந்தால் தோல்வி, கிளட்ச் கருகிய வாசனை வந்தாலும் தோல்வி.

காலையிலேயே மனைவி சொல்லிவிட்டாள்: "நான் ஓட்டக் கத்துக்கிட்ட வண்டி. அது அக்கா வீட்டு வாசல்ல நிக்கிறதை என்னால பாக்க முடியாது. சாவி இல்லாம வந்தீங்க, பேச மாட்டேன்."

போன முறை பேச மாட்டேன் என்றது பதினோரு மாதம் நீடித்தது.

சகலை முதலில் ஓட்டினார். ஐந்தே முக்கால் விநாடி. வண்டியைக் கீழே கொண்டுவந்து என்னிடம் ஒப்படைத்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றினார்.

"சகலை, கிளட்ச் இடது பக்கம். ஞாபகம் இருக்கட்டும்."

நான் செருப்பைக் கழற்றினேன். என் இடது கால் கட்டைவிரலுக்குப் பிறவியிலேயே காது உண்டு. எறும்பு தும்மினாலும் கேட்கும். முதல் கியர். கை பிரேக்கில் இடது கை. ஆக்சிலரேட்டரை ஒரே சீராக மிதித்து, கிளட்சை மயிரிழை மயிரிழையாக மேலே விட்டேன். பிடிக்கிற இடம் வந்தது. இரைச்சல் கனத்தது, வண்டியின் மூக்கு லேசாக நிமிர்ந்தது. இன்னும் ஒரு நூல் விட்டால் பாயும். இப்படியே பிடித்திருந்தால் கருகும். மேலே, முடிவுக் கோட்டருகில், மனைவி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

மாமனார் சாவதானமாகக் கடிகாரத்தைத் துடைத்தார்.

ஏதாவது பேசினால் துடைப்பதை நிறுத்துவார் என்று தோன்றியது.

"மாமா, சகலை கிண்டல் பண்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க."

"அட, விடுங்க மாப்பிள்ளை."

விட்டேன்.

நாலு சக்கரமும் தரையில் இருந்ததாக நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் நிழல் புறப்பட்ட இடத்திலேயே சற்று நின்று யோசித்து, பிறகு ஓடிவந்து சேர்ந்துகொண்டது. கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது மாமனாரின் மூக்குக் கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. கடிகாரம் மடியில் கிடந்தது. அதன் முள் அசையவே இல்லை.

சகலை மூச்சிரைக்க ஓடி வந்தார். "செல்லாது! மாமா, நீங்க சொன்னது அந்த 'விடுங்க' இல்ல!"

"எந்த 'விடுங்க'?"

"இது... சும்மா சொல்ற 'விடுங்க'!"

"பரீட்சையில நான் சும்மா எதுவும் சொல்றதில்ல," என்றார் மாமனார், கண்ணாடியை இறக்கிக்கொண்டே.

என் கட்டைவிரல் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவர் மூக்கை உறிஞ்சி முகர்ந்தார். கருகல் இல்லை. கடிகாரத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார்: பூஜ்யம் விநாடி.

"மாமா, இது அநியாயம்!"

"முள்ளு காட்டுறதை எழுதுவேன். என் இஷ்டத்துக்கு எழுத மாட்டேன். வேணும்னா நீங்க இன்னொரு தடவை ஓட்டுங்க. ஆனா இதை முந்தணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே வந்து சேந்திருக்கணும்."

சகலை அதைப் பற்றி உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓட்டிப் பாக்கலாமே" என்று கிளம்பவும் செய்தார். அவர் மனைவிதான் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

மாமனார் சாவியை நீட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தாண்டி மகளிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டிட்டுப் போம்மா. மாப்பிள்ளை ஓட்டினா, நேத்தே வீட்டுக்குப் போய்ச் சேந்துடுவார்."

வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள்.