எர்த் கம்பி

அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்து இரண்டு பிளக்கைப் பிடுங்கியவன், மூன்றாவதில் கை வைத்ததும் நின்றுவிட்டான்.

"கழட்டிட்டியாடா?" ஹாலிலிருந்து அக்கா கேட்டாள். "ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. அந்த ரூம்லயும் நாலு நாற்காலி போடணும்."

"இதோ அக்கா."

மூன்றாவது ஆம்ப்ளிஃபையருடைய பிளக். அதற்குள் மாட்டியிருக்க வேண்டிய பச்சைக் கம்பி, கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் கம்பி, அதன் இடத்தில் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பு அதைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்தவன் இவனேதான். ஹாலில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருக்கும் அத்தான் நேற்று மத்தியானம் உயிரை விட்டது இந்த அலமாரிக்கு முன்னால், கையில் ஒரு ஒயரோடு.

இவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ அனுபவம். சைட்டில் எவனாவது எர்த் கம்பியைக் கழற்றினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான், எவன் சிபாரிசு செய்தாலும் கேட்கமாட்டான். அப்படிப்பட்டவன் அத்தான் வீட்டில் அதைச் செய்தான். அதற்குக் காரணம் அந்த இரைச்சல்.

அத்தான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் விடமாட்டார். பாட்டுக் கேட்க என்று இந்தச் சின்ன அறையைத் தனியாக ஒதுக்கிக்கொண்டார். ஆனால் பாட்டு ஆரம்பிக்கும் முன்னும் முடிந்த பின்னும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், பிடிக்காத மாப்பிள்ளையைப் பற்றி யாரோ பக்கத்து அறையில் முனகுவது மாதிரி. ஒயர்களை மாற்றினார். ஃப்ரிட்ஜை நகர்த்தினார். கொளுத்துகிற வெயிலில் வீட்டு ஃபேன் அத்தனையையும் நிறுத்தச் சொல்லி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் மைத்துனனைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் ஒரு வழியாகவும் ஆம்ப்ளிஃபையர் ஒரு வழியாகவும் எர்த்தைத் தொடுவதால் வருகிற வினை என்று இவனுக்கு ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. பிளக்கைத் திறந்து பச்சைக் கம்பியை எடுத்தான். இரைச்சல் பட்டென்று நின்றது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் அந்த அமைதியைக் கேட்டார்.

"இது இப்போதைக்குத்தான் அத்தான்," என்று அன்றைக்கே சொன்னான். "இப்படியே விடக்கூடாது. ஞாயித்துக்கிழமை அதுக்குன்னு இருக்கற சாமானோட வந்து ஒழுங்கா பண்ணிடறேன்."

முதல் ஞாயிறு ஒரு கல்யாணம். இரண்டாவது ஞாயிறு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. மூன்றாவது ஞாயிறு ஒன்றுமே இல்லை. வீட்டில் மல்லாந்து படுத்து டிவி பார்த்தான்.

நேற்று டாக்டர் வந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை நெஞ்சுவலி வந்த ஆள், சர்க்கரை வேறு. அதிகம் யோசிக்க ஒன்றுமில்லாமல் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "கைல ஒயர் இருந்துச்சுடா" என்று அக்கா போனில் அழுதபோது இவனுக்கு மட்டும் அந்தப் பச்சைக் கம்பி ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை.

இப்போது மணி இரண்டரை. நாலு மணிக்கு மயானத்துக்கு வண்டி.

அக்கா அறைக்குள் வந்தாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த வெள்ளிப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பார்த்தாள். கம்ப்யூட்டரில் எண்களாக இருக்கிற பாட்டைக் காதுக்கான பாட்டாக மாற்றித் தருகிற டிஏசி பெட்டிகள். வெள்ளி, பழசு. கறுப்பு, ஆடியோ கடைக்காரர் கேட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது.

"இந்தக் கறுப்ப அந்தக் கடைக்காரர்கிட்ட கொடுத்துடு," என்றாள். "எது நல்லா இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார்."

"நீ மாத்திக் கொடுக்கலையா?"

"கொடுத்தேன். அவர் கண்ண மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காருவார். நான் சத்தமில்லாம ஒயர மாத்தணும். நாலாவது தடவையே எழுந்துட்டார். 'கறுப்ப மாட்டும்போது மட்டும் நீ பெருமூச்சு விடற, எனக்குத் தெரிஞ்சுடுது'ன்னார். விடாம என்ன பண்றது, அதோட விலையக் கேட்டவ நான்." அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் உதடு கோணியது. "'உன் தம்பிதான் சரி, அவன் மூஞ்சில ஒண்ணும் தெரியாது'ன்னு உனக்காக வெச்சிருந்தார்."

மூஞ்சியில் ஒன்றும் தெரியாத தம்பி தரையைப் பார்த்தான்.

"நேத்து நான் கடைக்குக் கிளம்பறப்ப, 'சும்மா தனியா ஒரு தடவ மாத்திப் பார்க்கறேன்'னார். ரெண்டு நாளா ஒயர மாத்தறப்ப அந்தப் பெரிய ஆம்ப்ளிஃபையர் பெட்டியத் தொட்டா விரல்ல சுருசுருன்னு இருக்குன்னு வேற சொல்லிட்டிருந்தார். உனக்கு போன் பண்ணுங்கன்னேன். 'ஞாயித்துக்கிழமை வருவான், சும்மா தொந்தரவு பண்ணாத'ன்னுட்டார்."

அவளுக்கு அது போகிற போக்கில் சொன்ன பேச்சு. இவன் கண் ஆம்ப்ளிஃபையரிடம் போனது. டிஏசி ஒயரை உருவினால் ஆம்ப்ளிஃபையருக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச எர்த்தும் போய்விடும். உள்ளே எங்காவது கரண்ட் கசிந்திருந்தால் அந்த இரும்புப் பெட்டி முழுக்கக் கரண்ட். தொட்டவன் கதி அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நாலு மணி வரைக்கும் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதையும் நினைத்தான். நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"அக்கா, கதவச் சாத்து."

சாத்தினாள்.

"இந்த இரைச்சல நிறுத்த நான் எர்த் கம்பியக் கழட்டி விட்டுட்டேன். திரும்ப மாட்டறேன்னு சொன்னேன். மாட்டல. அத்தான் ஷாக்குல போயிருக்கலாம்."

அவள் அத்தானின் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். ஹாலில் யாரோ புதிதாக வந்து அழுகிற சத்தம் கேட்டு அடங்கியது.

"எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றாள்.

"பல்பு வெச்சுப் பார்க்கலாம். எரிஞ்சா, நான்தான்."

"எரிஞ்சா என்ன பண்ணணும்?"

"சொல்லியாகணும். போலீஸ் வரும்."

"அவர அறுப்பாங்களா?"

இவன் ஆமென்று தலையை ஆட்டினான். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

"போய் எடுத்துட்டு வா," என்றாள். "தெரியாம அவர அனுப்ப மாட்டேன்."

வாசலில் நின்ற தன் வண்டியிலிருந்து பையை எடுத்து வரும் வழியில் மாடி வீட்டுக்காரர் மடக்கினார். "என்ன தம்பி, இந்த நேரத்துல ரிப்பேரா?" இவன் விலகி அறைக்குள் போய்த் தாழ் போட்டான்.

சோதனை விளக்கு என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். மீட்டர் சும்மா ஒரு சுருசுருப்புக்கும் பெரிய எண்ணாகக் காட்டிப் பயமுறுத்தும். பல்புக்கு அந்தப் பாசாங்கு தெரியாது. ஆளைக் கொல்லுகிற கசிவு இருந்தால் எரியும். முதலில் சுவர் பாயின்டில் வைத்துப் பார்த்தான். பளீரென்று எரிந்தது. அக்கா நடுங்கிப்போனாள்.

"இது பல்பு நல்லா இருக்கான்னு பார்க்கறது," என்றான்.

எல்லாவற்றையும் நேற்று இருந்தபடியே மாட்டினான். ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். டிஏசி ஒயரை மட்டும் உருவினான். சோதனை விளக்கின் ஒரு நுனியைச் சுவரின் எர்த்தில் செருகி, மறு நுனியைப் பெட்டிக்குக் கொண்டுபோனான்.  பெயின்ட் இல்லாத ஒரு திருகில் வைத்தான். 

எரியவில்லை.

வேறு திருகில் வைத்தான். பின்பக்கம், அடிப்பக்கம், ஒயர் நுழைகிற இடங்கள் எல்லாவற்றிலும் வைத்தான். பெட்டியைத் தட்டினான், ஒயரை ஆட்டினான், சுவிட்சைப் போட்டு நிறுத்திப் போட்டான். எரியவில்லை. மறுபடி சுவர் பாயின்டில் வைத்தான். பளீரென்று எரிந்தது.

"இல்ல அக்கா. கசிவு இல்ல. அந்தச் சுருசுருப்பு ஆளக் கொல்லாது. டாக்டர் சொன்னதுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தானுக்காக நேற்றிலிருந்து வராத அழுகை, தான் தப்பித்ததற்காக வந்தது. அது அவனுக்கே தெரிந்தது, வெட்கமாக இருந்தது, நிறுத்த முடியவில்லை.

அக்கா அவன் தலையில் கை வைக்கவில்லை. எழுந்து போய், கறுப்புப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவி அவனிடம் கொடுத்தாள். அத்தானின் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஒன்று முதல் இருபது வரை எண் எழுதியிருந்தார். மேலே, 'பெட்டி மாற்றுபவர்: மைத்துனர்'. அதற்குப் பக்கத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள். மூன்று அடிக்கப்பட்டிருந்தன. நாலாவது, வருகிற ஞாயிறு.

"கரண்டால இல்லன்னு ஆயிடுச்சுல்ல," என்றாள் அக்கா. குரலில் கோபமில்லை. "முகத்தக் கழுவிட்டு வா." தாழைத் திறந்துகொண்டு போனாள்.

அவன் பிளக்கைத் திறந்து, டேப்பை உரித்து, பச்சைக் கம்பியை அதன் இடத்தில் வைத்துத் திருகினான். ஒரு மாதமாக ஒத்திப்போட்ட வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற நாலு பேர் வேண்டும் என்றார்கள். தலைப்பக்கம் மாடி வீட்டுக்காரர் குனிந்தார்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்க சார்," என்றாள் அக்கா. "தலைய இவன் பிடிக்கட்டும்."

அவன் மண்டியிட்டு, கழுத்துக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தான். தூக்கும்போது தலை லேசாகச் சாய்ந்தது. அத்தானின் வலது காது அவனுடைய மணிக்கட்டின் மேல் வந்து படிந்தது. சில்லென்று இருந்தது. வாசல்வரை பத்தடி தூரமும் அவன் நாடி அந்தக் காதுக்கு அடியில் துடித்துக்கொண்டே வந்தது.