காடென்சியோவின் தலைமாட்டு விளக்கு

காடென்சியோ செத்த மூன்றாம் நாள், அவன் காலமெல்லாம் உழைத்த மின் கூட்டுறவுச் சங்கமே வந்து அவன் வீட்டு இணைப்பைத் துண்டித்தது.

வந்தவன் லைன்மேன் நோனோய். முந்தின நாள்தான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்று, காப்பி குடித்து, சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டுப் போயிருந்தான். இப்போது ஏணியோடு வந்து, பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறினான்.

“என்னடா நோனோய், பொணம் கெடக்குற வீட்டுலயா?” என்றாள் காடென்சியோவின் மனைவி தியோஃபிலா.

“நான் என்னக்கா பண்ணட்டும்? ஆபீஸ்ல புதுசா ஒரு கம்ப்யூட்டர் மூளை வச்சிருக்காங்க. இந்த வீட்டுல கரண்ட் கன்னாபின்னான்னு ஏறிப்போச்சாம், திருட்டுங்குது. விசாரணை அடுத்த வாரம்.”

கரண்ட் ஏறாமல் என்ன செய்யும்? அடக்கம் ஆகும்வரை சாவு வீட்டில் விளக்கை அணைக்கக் கூடாது, செத்தவனைத் தனியாக விடக் கூடாது, சீட்டாடியாவது விழித்திருக்க வேண்டும். தெருவே மின்விசிறிகளைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது. மகள் மாரிவிக் ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்கிறாள். லீவு கிடைத்து நாளை மறுநாள் வருகிறாள். அதுவரை அப்பா முகத்தில் வெளிச்சம் இருக்கும் என்று தியோஃபிலா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கறுப்பு உடுப்போடு ஆபீஸுக்குப் போனாள். பொறியாளர் அர்வின் நல்ல பையன். நாற்காலி போட்டான், அனுதாபம் சொன்னான், ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னான்.

“போன வாரம் குன்று மேல கவுன்சிலர் வீட்டுக் கல்யாணம். குன்றே பத்தி எரியுற மாதிரி லைட்டு. அவங்கள கேட்டுச்சா ஒங்க மூளை?”

“குன்றுல திருட்டுன்னு ஒரு கேஸ்கூடப் பதிவானதில்லக்கா. அதனால அங்க அதுக்குச் சந்தேகமே வராது. பழைய சோதனைகள வச்சுத்தான் அது படிச்சிருக்கு.”

“யாரு சோதனை பண்ணது?”

அர்வின் மேசையைப் பார்த்தான். “ஒங்க வீட்டுக்காரர்தான்.”

தியோஃபிலாவுக்கு விளங்கிவிட்டது. காடென்சியோ இருபது வருஷம் மின் திருட்டுப் பிடித்தவன். பணக்காரர்கள் மதில் கட்டி வாழும் குன்றின் வாசலில் காவலாளி கிறிசாந்தோ அவனை உள்ளே விட மாட்டான், முதலாளிகள் உத்தரவு. குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்துத் திருப்பி அனுப்புவான். ஆனால் மாசம் பிறந்தால் ஆபீஸுக்குக் கேஸ் காட்ட வேண்டுமே. இறங்கி வந்து, கடலோரத்தில் தன் தெருக்காரர்களையே பிடிப்பான். மனுஷன் செய்ததைத்தான் இயந்திரமும் செய்கிறது. சாறு மட்டும் அதற்கு யாரும் கொடுக்கவில்லை.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. கிறிசாந்தோவும் இருந்தான். அவனும் அதே தெருதான். காடென்சியோ கையால் அபராதம் வாங்கியவன்தான். ஆபீஸில் சொன்னதைத் தியோஃபிலா சொன்னாள். கிறிசாந்தோ சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

“குன்றுன்னா சந்தேகமே வராதாமா?”

“வராதாம்.”

“குன்றோட மதில் ஒன் வீட்டுக் கொல்லைலதானக்கா முடியுது. எங்க காவல் கூண்டுலருந்து ஒரு ஒயர் இழுத்தா எட்டும்.”

தியோஃபிலா பெட்டியைப் பார்த்தாள். அந்த வீட்டுக்குள் அதுவரை திருட்டு மின்சாரம் நுழைந்ததில்லை.

“அவரு ஒத்துக்க மாட்டாரு,” என்றாள். பிறகு, “கொஞ்சம் நீளமான ஒயரா பாரு. காப்பிக்கும் தண்ணி கொதிக்கணும்.”

விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுற்றின. குன்றில் மின் செலவு கூடியதைக் கம்ப்யூட்டர் மூளை கவனித்தது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொன்னது. மறுநாள் நோனோய் வந்தான். விளக்கைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், உட்கார்ந்து தனக்கும் சீட்டுப் போடச் சொன்னான்.

மாரிவிக் வந்ததும் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, “அப்பா மொகம் எவ்ளோ பளிச்சுனு இருக்கும்மா,” என்றாள்.

“இருக்காதா பின்ன?” என்றாள் தியோஃபிலா. “இருபது வருஷமா அவர உள்ள விடாத எடத்துலருந்து கரண்ட் வருதுடி.”